குளிரில் வேர் போன கறிவேப்பிலை

மார்ச் கடைசியில் பார்த்தால் ரொறன்ரோப் பக்கம் பல தமிழ் வீடுகளில் யன்னலோரத்துக் கறிவேப்பிலை வெறும் தடியாக நிற்கும். சாடியைச் சுற்றிக் காய்ந்த இலை. அதைக் கண்டதும் வீட்டுக்காரர் மூன்று வேலை செய்வார். தண்ணீரைக் கூட்டுவார். மூட்டையில் வாங்கிய ஆட்டெருவை இரண்டு பிடி அள்ளிப் போடுவார். வெளியே முதல் வெயில் எறித்தவுடன் சாடியைத் தூக்கி டெக்கில் வைப்பார். குளிர் அரைவாசி கொன்ற மரத்தின் மிச்ச அரைவாசியை இந்த மூன்றும் சேர்ந்து முடித்துவிடும். வேர் போன மரத்துக்கு முதலில் காற்றும் சூடும் வேண்டும். தண்ணீர் அதற்குப் பிறகு. சாப்பாடு எல்லாவற்றுக்கும் கடைசி.

இலை கொட்டியதை வைத்து மட்டும் மரம் செத்தது என்று முடிவு கட்ட வேண்டாம். குளிரான அறையில், வெளிச்சம் குறைந்த மாதங்களில், கறிவேப்பிலை தானாகவே இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். வேர் நல்லாக இருந்தால் சூடு வந்ததும் துளிர்க்கும். அதனால் முதல் வேலை, இது உறக்கமா அழுகலா என்று கண்டுபிடிப்பது.

தண்டின் நுனியிலிருந்து தொடங்கி, கட்டைவிரல் நகத்தால் தோலைக் கொஞ்சம் சுரண்டுங்கள். ஒரு அரிசி மணியளவு போதும். உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. மண்ணிறமாக, காய்ந்து தெரிந்தால் அங்கே உயிர் இல்லை. இரண்டு அங்குலம் கீழே இறங்கி மறுபடி சுரண்டுங்கள். பச்சை எங்கே தொடங்குகிறது என்று தெரியும்வரை இறங்குங்கள். மண் மட்டத்துக்கு ஒட்டிய தண்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். மேலே பச்சையாக இருந்து, அடித்தண்டில் மட்டும் தோல் கறுத்து, அமத்தினால் மெத்தென்று இருந்தால் அழுகல் வேரிலிருந்து மேலே ஏறிவிட்டது. அது அவசரம்.

அடுத்தது வேர். சாடியைச் சரித்துப் பிடித்து, பக்கங்களைத் தட்டி, மண்ணோடு சேர்த்து மரத்தை மெல்ல வெளியே இழுங்கள். கறிவேப்பிலையின் தடித்த வேர் இயல்பாகவே வெளிர் மண்ணிறம்தான், நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு சல்லி வேரை இரண்டு விரலுக்கிடையில் பிடித்து இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் இறுக்கமாக இருக்கும், உடைத்தால் உள்ளே வெள்ளை. அழுகிய வேரில் மேல்தோல் உறைபோலக் கழன்று விரலோடு வரும், உள்ளே நூல்மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். மணமும் சொல்லிவிடும்: நல்ல மண் மழை பெய்த மண்போல மணக்கும், அழுகிய மண் அடைபட்ட கான் தண்ணீர்போல நாறும். காய்ந்து செத்த வேர் மூன்றாவது வகை. அது நாறாது, வைக்கோல்போல முறியும்.

வேர் எப்படிப் போகிறது என்று விளங்கினால்தான் அடுத்த வேலைகளுக்குக் காரணம் புரியும். வேர் மூச்சு விடும். மண் துகள்களுக்கு இடையில் இருக்கிற காற்றிலிருந்துதான் அதற்கு ஒட்சிசன். கறிவேப்பிலை எலுமிச்சை, தோடைக் குடும்பத்தைச் சேர்ந்த மரம். எலுமிச்சை இனங்களில் மண்ணின் வெப்பம் சுமார் 12, 13 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் வேரின் வேலை ஏறத்தாழ நின்றுவிடும் என்பது சாடியில் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி; கறிவேப்பிலையும் அதே குணத்தைத்தான் காட்டுகிறது. அறையில் 21 பாகை இருக்கலாம். ஆனால் கண்ணாடியை ஒட்டி, குளிர்ந்த ஓட்டுத் தரையில் நிற்கும் சாடிக்குள் இரவில் அதைவிட எவ்வளவோ குறைவு. பேஸ்மென்ற் கொங்கிறீற் தரை இன்னும் மோசம். வேர் தண்ணீர் குடிக்காது, மண் காயாது, இரண்டு மூன்று கிழமைக்கு ஈரமாகவே கிடக்கும். காற்று இருந்த இடமெல்லாம் தண்ணீர். நுனிவேர் மூச்சுத் திணறிச் சாகும், பிறகு பித்தியம், பைட்டோப்தோரா போன்ற நீர்ப்பூஞ்சணங்கள் மிச்சத்தைத் தின்னத் தொடங்கும். இதற்கிடையில் பகல் வெயில் யன்னலால் வந்து இலையைச் சூடாக்கும். இலை தண்ணீர் கேட்கும், வேர் கொடுக்காது, இலை தொங்கும். தொங்கிய இலையைக் கண்டவர் "தண்ணி காணாது" என்று இன்னொரு செம்பு ஊற்றுவார்.

ஹீற்றர் காற்று வரும் துவாரத்துக்கு மேலே வைத்த சாடியில் நடப்பது வேறு. பீற்மோஸ் (சதுப்புநிலப் பாசி) கலந்த மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் சுருங்கிச் சாடியின் ஓரத்தை விட்டு விலகும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடைவெளியால் வழுகித் தட்டில் வந்து நிற்கும், நடுவில் வேர் கட்டி காய்ந்தபடியே இருக்கும். தண்ணீர் ஊற்றிய உடனேயே அடியால் ஓடி வந்தால் இதைச் சந்தேகியுங்கள். அப்படியான சாடியை வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கால் மட்டத்துக்கு அரை மணித்தியாலம் வைத்து ஊறவிட்டு, பிறகு வடியவிட்டால் சரி. வேறு வைத்தியம் தேவையில்லை.

சூடில்லாத கராஜில் விட்ட சாடிக்கு உறைபனி. எந்த மரத்திலும் தண்டைவிட வேர் குளிருக்குப் பலவீனம். நிலத்தில் நிற்கும் மரத்துக்குக் குளிர் மேலிருந்து மட்டும் இறங்கும், சாடிக்கு நாலு பக்கத்தாலும் புகும். அத்தி, ஜப்பானிய மேப்பிள் போன்ற குளிர் தாங்கும் மரங்கள்கூடச் சாடியில் வேர் போய்ச் சாவது இதனால்தான். கறிவேப்பிலைக்கு ஒரு இரவு மண் உறைந்தாலே சல்லி வேரெல்லாம் போய்விடும்.

இனி வைத்தியம்.

வேரில் அரைவாசிக்கு மேல் இறுக்கமாக, வெள்ளையாக இருந்து, நாற்றமும் இல்லையென்றால் சாடி மாற்றவே வேண்டாம். நல்ல வேரையும் குழப்பி உடைப்பதுதான் மிச்சம். திரும்ப அதே சாடியில் வைத்து, தண்ணீரை நிறுத்தி, கீழே சொல்கிற மாதிரி சூட்டில் வையுங்கள். நாறினால் அல்லது அரைவாசிக்கு மேல் தோல் கழன்று வந்தால் வெட்ட வேண்டும், கோடை வரட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது.

கத்தரியை 70 சதவீத ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஒவ்வொரு அழுகிய வேரையும் வெட்டிய பிறகு மறுபடி துடைக்க வேண்டும், இல்லையென்றால் கத்தரியே நோயைக் காவிக்கொண்டு போகும். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, நாறுகிற மண்ணை அலசி எடுங்கள். நல்ல வேரோடு ஒட்டியிருக்கும் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டாம். அழுகிய வேரை, வெட்டுமுகம் வெள்ளையாகத் தெரியும்வரை பின்னுக்கு வெட்டிக்கொண்டே வாருங்கள். ஆணிவேரின் நுனி அழுகியிருந்தாலும் அதே விதி. பயந்து மண்ணிறப் பகுதி கொஞ்சத்தை விட்டால் அழுகல் அங்கிருந்து மறுபடி ஏறும். வெட்டிய இடத்தில் மஞ்சள் பூசுவது நம் பழக்கம். கெடுதல் இல்லை, ஆனால் மஞ்சள் பூசினோம் என்ற தைரியத்தில் அழுகலை மிச்சம் விடுவது கெடுதல்.

மேலே கிளையை எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் கூடப் பிழை நடக்கிறது. "வேர் பாதி போனால் கிளையும் பாதி வெட்டு" என்று சொல்வார்கள். செத்த கொம்பை மட்டும் வெட்டுங்கள். பச்சைத் தண்டில்தான் சேமிப்பு இருக்கிறது, அதிலிருக்கும் மொட்டிலும் இலையிலும் உண்டாகும் சுரப்புத்தான் கீழே புது வேரை விடச் சொல்கிறது. இலை இன்னும் நிறைய இருந்து, மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் மட்டும் மூன்றில் ஒரு பங்கு இலையைக் குறைக்கலாம்.

அடுத்தது சாடி. வெட்டி மிஞ்சிய வேர்க் கட்டியைச் சுற்றி இரண்டு மூன்று சென்ரிமீற்றர் இடம் இருந்தால் போதும். பத்து அங்குலச் சாடியில் இருந்த மரம் ஆறு அங்குலச் சாடிக்கு இறங்க வேண்டி வரலாம், இறக்குங்கள். பெரிய சாடியில் வேர் எட்டாத மண் முழுக்கக் கிழமைக்கணக்கில் ஈரமாகக் கிடந்து, முதல் கதையையே மறுபடி தொடங்கும். அடியில் கல்லோ ஓட்டுத்துண்டோ போடாதீர்கள். தண்ணீர் வடியும் என்று நினைத்துப் போடுவது, நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து கல்லுக்குள் தண்ணீர் இலேசில் இறங்காது. சாடியின் அடியில் நிற்கவேண்டிய ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி வேருக்குக் கிட்ட வந்துவிடும்.

கலவைக்குக் கடையில் விற்கும் சாடி மண் இரண்டு பங்கு, பேர்லைற் (பொரிபோன்ற வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு, ஓர்கிட்டுக்கு விற்கும் மரப்பட்டையில் சிறிய ரகம் ஒரு பங்கு. பட்டைத்துண்டு சின்னி விரல் நகத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பேர்லைற்றை அளக்க முதல் தண்ணீர் தெளித்து நனையுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது. ஆட்டெரு மூட்டையும் தோட்ட மண்ணும் இந்தச் சாடிக்குள் வரவே கூடாது. இரண்டும் இறுகிக் காற்றை அடைக்கும். பழைய மண்ணைத் திரும்பப் போடவும் வேண்டாம்.

நட்டபின் மரம் ஆடக் கூடாது. புது வேரின் நுனி நூலைவிட மெல்லியது, தண்டு அசையும் ஒவ்வொரு முறையும் அறும். ஒரு மூங்கில் குச்சியை ஓரமாக இறக்கி, தண்டை இரண்டு இடத்தில் தளர்வாகக் கட்டிவிடுங்கள். மண் மட்டம் பழைய மட்டத்திலேயே நிற்கட்டும், ஆழமாகப் புதைத்தால் அடித்தண்டு அழுகும்.

நட்டதும் ஒருமுறை அறைச் சூட்டுத் தண்ணீர் அடியால் வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் நின்றதைக் கொட்டுங்கள். அதற்குப் பிறகு கை சும்மா இருக்க வேண்டும். இலையில்லாத மரம் தண்ணீரே குடிக்காது, ஆறு அங்குலச் சாடி காய்வதற்கு இரண்டு கிழமைக்கு மேலும் எடுக்கலாம். விரலை விட்டுப் பார்ப்பது மேல் இரண்டு அங்குலத்தின் கதையைத்தான் சொல்லும். சாடியின் எடையைப் பாருங்கள். தண்ணீர் வடிந்து ஒரு மணித்தியாலத்தில் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை ஒரு ரேப் துண்டில் எழுதிச் சாடியில் ஒட்டிவிடுங்கள். உதாரணமாக 2.4 கிலோ இருந்த சாடி 1.9க்கு இறங்கினால் அரை லீற்றர் போயிருக்கிறது. அப்போது ஊற்றலாம். தராசு இல்லாவிட்டால் மரச் சாப்ஸ்ரிக் ஒன்றை அடிவரை குத்தி, பத்து நிமிஷம் விட்டு இழுங்கள். கறுத்து ஈரமாக வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

தண்ணீரிலும் ஒரு கவனம். குவெல்ஃப், வாட்டர்லூப் பக்கம் நிலத்தடித் தண்ணீர் கடினமானது, பல வீடுகளில் உப்புப் போடும் மென்னீர்க் கருவி பூட்டியிருக்கும். அதிலிருந்து வரும் தண்ணீரில் சோடியம், நொந்த வேருக்கு அது நஞ்சு. அந்தக் கருவிக்குப் போகாத குழாயிலிருந்து எடுங்கள். பனியை உருக்கி ஊற்றுவது நல்ல யோசனைதான், ஆனால் பின்வளவில் கைபடாத பனியாக இருக்க வேண்டும். டிரைவ்வேயில் தள்ளிக் குவித்த பனியில் வீதி உப்பு இருக்கும்.

சூடுதான் இந்த வைத்தியத்தின் உயிர். விதைத் தட்டுக்கு அடியில் விரிக்கிற ஹீற் மற் (மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு) ஒன்று வாங்குங்கள். 10க்கு 20 அங்குல மற் சுமார் 20 வாற் மின்சாரம்தான் எடுக்கும். தேர்மோஸ்ரற்றோடு வாங்கினால் அதன் உணரியை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் இறக்கி 25 பாகையில் வையுங்கள். தேர்மோஸ்ரற் இல்லாத மற் அறை வெப்பத்தைவிட ஏழு எட்டுப் பாகை கூட்டும். இறைச்சிக்குக் குத்தும் வெப்பமானியை மண்ணில் குத்திப் பார்த்து, 28ஐத் தாண்டினால் மற்றுக்கும் சாடிக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுங்கள். மற் வாங்க விருப்பமில்லையென்றால் குறைந்தபட்சம் சாடியைத் தரையிலிருந்து தூக்கி, தடித்த ஸ்ரைரோஃபோம் துண்டின்மேல், கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். நேரடிச் சூரிய வெளிச்சம் இப்போதைக்கு வேண்டாம், வாசிக்கப் போதுமான வெளிச்சம் காணும். தண்டு பச்சையாக இருந்து வீட்டுக் காற்று வறட்சியாக இருந்தால், உள்ளே தெரிகிற பெரிய பிளாஸ்ரிக் பை ஒன்றை மேலே கவிழ்த்து, நாளுக்குப் பத்து நிமிஷம் திறந்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் துளித்துளியாக வடிந்தால் பையில் நாலைந்து ஓட்டை போடுங்கள்.

மூன்று கிழமையிலிருந்து எட்டுக் கிழமைக்குள் துளிர் வரும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதல் துளிர் வேரால் வருவதில்லை. தண்டிலும் தடித்த வேரிலும் முன்பே சேர்த்து வைத்த மாப்பொருளில் வருகிறது. வேரே இல்லாத தடியைத் தண்ணீரில் வைத்தாலும் சில மரம் துளிர்க்கும், அந்த மாதிரித்தான். துளிர் ஒரு அங்குலம் நீளும், சிவந்த பச்சையில் குட்டி இலை விரியத் தொடங்கும், வீட்டில் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், பசளை போடுவார்கள், வெயிலுக்குக் கொண்டுபோவார்கள். நாலாம் நாள் துளிர் நுனி வாடிக் கறுக்கும். சேமிப்பும் முடிந்தது, வேரும் இல்லை. இதற்குப் பிறகு மரம் எழும்புவது அபூர்வம். ஆகவே துளிர் கண்ட அன்று எதையும் மாற்ற வேண்டாம். அதே சூடு, அதே வெளிச்சம், அதே தண்ணீர். பையை மட்டும் ஒரு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து எடுங்கள். உண்மையில் வேர் பிடித்ததற்கு இரண்டு அடையாளம் உண்டு. துளிரில் இரண்டு மூன்று இலை முழு அளவுக்கு விரிந்து, தடித்து, கசக்கினால் மணக்கும். சாடியும் முன்னைவிட வேகமாக எடை குறையும். இரண்டு கிழமை எடுத்தது ஒரு கிழமையில் காய்ந்தால் கீழே யாரோ குடிக்கிறார்கள்.

அதுவரை பசளை இல்லை. பசளை என்பது உப்பு. நுனி இல்லாத வேரைச் சுற்றி உப்புக் கூடினால் அது வேரிலிருக்கும் தண்ணீரையும் இழுக்கும். கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றுவது ஊரில் எல்லாரும் செய்வது. வெயிலில், நிலத்தில், மண்புழுவும் நுண்ணுயிரும் நிறைந்த மண்ணில் அது செரிக்கும். மூடிய வீட்டில் நொந்த வேருள்ள சாடிக்குள் மோரும் அரிசி கழுவின தண்ணீரும் அழுகி, இருக்கும் ஒட்சிசனையும் நுண்ணுயிர்கள் எடுத்துவிடும். கூடவே குட்டிக் கறுப்பு ஈ வரும். அந்த ஈயின் புழு மண்ணின் மேல் அடுக்கில் புது வேரைத் தின்னும். மஞ்சள் ஒட்டுத்தாள் பறக்கும் ஈயைப் பிடிக்கும், புழு ஒழிய வேண்டுமானால் மேல் ஒன்றரை அங்குலம் மண் காய வேண்டும். மோர் கொடுக்காமல் இருக்க மனம் கேட்கவில்லையென்றால் யூலையில், வெளியே வைத்த பிறகு, தண்ணீராகக் கரைத்துக் கொடுங்கள்.

வேர் பிடித்ததும் 20-20-20 (நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் மூன்றும் சம அளவு) என்று போட்ட கரையும் பசளை, லேபிளில் சொன்ன அளவில் காற்பங்கு, இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஈரமான மண்ணில் மட்டும். ஒரு மாதத்தில் அரைப் பங்குக்குப் போகலாம். புது இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு போதவில்லை. ஆனால் மண்ணில் இரும்பு இருந்தும், குளிர்ந்த வேர் எடுக்க முடியாமல் இதே கோலம் காட்டும். முதலில் மண்ணின் சூட்டைப் பாருங்கள். மண் 20 பாகைக்கு மேல் இருந்து மூன்று கிழமையாகியும் மாறாவிட்டால் கீலேற் செய்த இரும்பு, அதாவது வேர் இலேசாக எடுக்கக்கூடிய வடிவில் உள்ள இரும்பு, வாங்குங்கள். மக்னீசியம் உள்ள எப்சம் உப்பைக் கண்டபடி போடுகிறவர்கள் இரும்புக் குறையையும் மக்னீசியக் குறையையும் குழப்புகிறார்கள். மக்னீசியம் குறைந்தால் மஞ்சளிப்பது பழைய இலை.

வெளியே வைக்கும் நாளுக்கு இங்கே எல்லாரும் விக்ரோரியா டே விடுமுறையைக் கணக்காக வைப்பார்கள், அதாவது மே 25க்கு முந்திய திங்கள். ஆரோக்கியமான மரத்துக்கு அது சரி. வேர் நொந்த மரத்துக்கு இரவு வெப்பம் தொடர்ந்து 12 பாகைக்கு மேல் நிற்கும்வரை பொறுங்கள், யூன் நடுப்பகுதி ஆனாலும் பரவாயில்லை. முதல் கிழமை முழு நிழல், இரண்டாம் கிழமை காலை வெயில் இரண்டு மணித்தியாலம், பிறகு மெல்ல மெல்ல. கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியை யூலை வெயிலில் தனியாக விட்டால் மேற்குப் பக்க வேர் அவிந்துவிடும். வெள்ளைச் சாடி ஒன்றுக்குள் இறக்கி வைத்தால் தப்பும்.

தண்டு அடிவரை காய்ந்துவிட்டதா? உடனே குப்பைக்குப் போடாதீர்கள். கறிவேப்பிலை வேரிலிருந்து பக்கக் கன்று விடும் மரம். மண் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே தண்டை வெட்டிவிட்டு, இறுக்கமான வேர் கொஞ்சமாவது இருந்தால், அதே சூட்டில் யூலை முடியும்வரை வைத்துப் பாருங்கள்.

தப்பிய மரத்தில் அந்தக் கோடையில் பூ வந்தால் கிள்ளி எறியுங்கள், காய்க்க விட்டால் வேருக்குப் போக வேண்டியது பழத்துக்குப் போகும். இலை ஒடிப்பது இன்னும் பெரிய சோதனை. ஒரு கிளையில் ஏழெட்டு முழு ஈர்க்கு வரும்வரை கை வைக்க வேண்டாம். அதன் பிறகும் அடியிலிருந்து உருவாமல், நுனியோடு சேர்த்து மேல் இரண்டு ஈர்க்கை வெட்டியெடுங்கள், வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வெடிக்கும். அதுவரைக்கும் தாளிக்கக் கடை இலைதான்.